கீரையும் காயும் சேர்ந்த அடை: ஓர் ஆராய்ச்சி

அரிசியையும் பருப்பையும் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்து, அந்த மாவில் கீரையையோ காயையோ பொடியாக அரிந்து கலந்து, காய்ந்த கல்லில் எண்ணெய் விட்டு வேகவைக்கும் அடையென்னும் பதார்த்தம் தமிழர் இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கி வருவதாயினும், இட்லிக்கும் தோசைக்கும் வாய்த்த கீர்த்தி அதற்கு வாய்க்கவில்லை. சிற்றுண்டிச் சாலைகளில் மாலைப்பொழுதில் மட்டும் அவியலோடு தலைகாட்டும் பண்டமாகவும், வீட்டில் தோசை மாவு தீர்ந்துபோன நாளில் நினைவுக்கு வரும் பண்டமாகவும் அது ஒதுங்கி நிற்கிறது. இதற்கு அதன் குணக்குறைவு காரணமன்று. ஒவ்வோர் அடையும் தனித்தனியே ஐந்தாறு நிமிஷம் கல்லில் கிடந்து வேக வேண்டியிருப்பதால், விரைந்து விற்றாக வேண்டிய கடைக்கு அது ஒவ்வாது என்பது ஒரு காரணம். அதைச் செய்யும் முறையைப் பற்றி ஒன்றுக்கொன்று மாறுபட்ட அபிப்பிராயங்கள் வழங்க, அவற்றைச் சீர்தூக்கி முடிவு கூறுவார் அரியராயிருப்பது மற்றொரு காரணம். மாவைப் புளிக்கவிட வேண்டுமா, அன்றே வார்க்க வேண்டுமா, வெங்காயம் இன்றியமையாததா, எந்தக் காய் மாவோடு இணங்கும், எது நீர் விட்டு அதைக் கெடுக்கும், அரிசியின் இடத்தில் சிறுதானியம் நிற்குமா என்னும் வினாக்களை ஒருங்கே வைத்து ஆராய்வதற்குத் திருமலையும் அதைச் சூழ்ந்த ஆரணி வட்டாரமும் மிகப் பொருத்தமான நிலைக்களம் என்பது நம் துணிபு.

ஆரணிக்கும் போளூருக்கும் இடைப்பட்ட நிலத்தில், வடமாதிமங்கலத்துக்கு அண்மையில் எழுந்து நிற்கும் திருமலை, ஏறத்தாழ 16 மீட்டர் உயரமுள்ள நேமிநாதர் திருமேனியாலும், முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயர் தாங்கிய ஜினாலயத்தாலும் சரித்திரத்தில் இடம்பெற்ற தலம். முதலாம் இராசேந்திரன் கங்கை வரை சென்று பெற்ற வெற்றிகளை விரித்துரைக்கும் புகழ்பெற்ற சாசனம் இம்மலையில்தான் இருக்கிறது. அந்தச் சாசனம் முடிவில் பதிவு செய்யும் காரியமோ, வணிகன் ஒருவனின் மனைவியாகிய சாமுண்டப்பை என்பாள் குந்தவை ஜினாலயத்துக்கு விளக்கெரிக்கவும் அமுது படைக்கவும் அளித்த கொடையாகும். பேரரசனின் திக்விஜயமும் ஒரு குடும்பப் பெண்ணின் அன்னக்கொடையும் ஒரே கல்லில் இடம்பெற்றிருப்பதை, உணவைப் பற்றி எழுதுவோர் நன்றியோடு நினைத்தல் தகும். தமிழ்ச் சமணர்களாகிய நயினார் குடும்பங்கள் இன்றும் ஆரணி, போளூர், வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் வாழ்ந்து வருகின்றன. பொழுது சாய்ந்தபின் உண்ணாமை, மண்ணுக்கடியில் விளையும் கிழங்குகளையும் வெங்காயம் பூண்டுகளையும் விலக்குதல், வடிகட்டிய நீரையே கொள்ளுதல் முதலிய நியமங்கள், கடைப்பிடிக்கும் கண்டிப்பு குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபட்டபோதிலும், அச்சமூகத்தின் அடுக்களையை இன்றளவும் ஆண்டு வருகின்றன. ஆரணியோ அரிசி ஆலைகளுக்கும் பட்டுத் தறிகளுக்கும் பெயர் பெற்ற ஊர். 1973 முதல் பல்லாண்டுகள் அவ்வூரின் வாணிகத்தை ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ்-வைட் என்னும் பொருளியலறிஞரின் நூல்களால் அதன் பெயர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் பழக்கமாயிற்று. மேற்கே ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. சமவெளியின் மானாவாரி நிலங்களில் கேழ்வரகும், இவ்வட்டார மக்கள் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையும் விளைகின்றன. அடைக்கு வேண்டிய தானியமும் எண்ணெயும் கீரையும் ஒருநாள் நடைத்தூரத்துக்குள் கிடைக்கும் பூமி இது.

அடை பழமையானது. மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி, மதுரை நகரத்துக் கடைத்தெருவில் கூவியர் விற்ற பண்டங்களுள் தேனிறாலைப் போன்ற மெல்லிய அடையையும் சேர்த்துக் கூறுகிறது. அது இனிப்போடு உண்ணப்பட்ட பண்டமாதலால் நாம் இன்று செய்யும் கார அடையின் நேர்மூதாதை என்று சாதிப்பதற்கில்லை. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசம், பருப்பை அரைத்துக் கல்லில் வார்க்கும் தோசகம் என்னும் பண்டத்தைக் குறிப்பிடுகிறது. அரிசி பிரதானமாகிய இன்றைய தோசையைக் காட்டிலும் அது நம் அடைக்கே நெருங்கிய உறவு. போர்த்துகேசியர் வருகைக்குப் பின்னரே மிளகாய் இந்நாட்டுக்கு வந்ததென்பது எல்லாரும் அறிந்தது. ஆகவே அதற்கு முற்பட்ட அடைகளின் காரம் மிளகினுடையதாகவே இருந்திருக்க வேண்டும். இன்றும் மிளகும் சீரகமும் இட்டுச் செய்யும் அடை, காய்ந்த மிளகாய் அரைத்த அடையினும் வயிற்றுக்கு இதமானது என்பது முதியோர் அனுபவம்.

இனித் தானியத்தைப் பற்றிய ஆராய்ச்சி. அடைக்குப் புழுங்கலரிசியே உகந்தது. பச்சரிசி மட்டும் கொண்டு செய்த அடை கல்லில் இருக்கும்போது முறுகி, ஆறியவுடன் விறைத்துப் போகிறது. புழுங்கலுக்கு ஆரோக்கிய நூலாரின் ஆதரவும் உண்டு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் அதில் ஒரு பகுதி எஞ்சி நிற்கிறது. குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், பெரிபெரி நோயைக் குறித்த விசாரணையாகப் பிறந்து, பின்னர் ஐக்ராய்டின் தலைமையில் அரிசியின் சத்தைப் பற்றிப் பெரும்பணி செய்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையமாக விளங்குவதை அறிந்தோர்க்கு இது புதிய செய்தியாகாது. விலை மிகுந்த அரிசி அடைக்குத் தேவையே இல்லை. நியாயவிலைக் கடையில் 2011 ஜூன் முதல் விலையின்றி வழங்கப்பட்டுவரும் அரிசியில் சற்றுத் தடித்த புழுங்கல் கிடைக்குமானால், சோற்றுக்கு அதை விரும்பாதவரும் அடைக்கு அதனையே நாடுவர்.

சாமையை அரிசிக்கு ஈடாகப் போட்டுச் செய்யும் அடை குறைந்த நேரம் ஊறினாலே அரைபடும், மென்மையும் மிகுதி. முழுவதும் சாமையாகப் போட்டால் அடை பிரிந்துபோகும் இயல்புடையதாகையால், சாமையும் புழுங்கலும் சரிபாதியாகக் கொள்வதே நன்று. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது நகரங்களில் எழுந்த உற்சாகம் பெரும்பாலும் பொட்டலங்களில் அடைபட்ட தின்பண்டங்களோடு நின்றுவிட்டது வருந்தத்தக்கது. சிறுதானியம் நம் வீட்டில் நிலைபெற வேண்டுமானால் அன்றாட அடைமாவில்தான் அது நிலைபெற வேண்டும்.

பருப்பில் துவரையும் கடலைப் பருப்பும் பிரதானம், உளுந்து சிறிதளவு ஒட்டுதலுக்காக, பாசிப்பருப்பு விருப்பம்போல. அரிசி இரண்டு பங்கென்றால் பருப்புகள் அனைத்தும் கூடி ஒன்றரைப் பங்கு என்பது பெரும்பாலோர் கைக்கணக்கு. 1951இல் வெளிவந்த மீனாக்ஷி அம்மாளின் சமைத்துப் பார் முதலாக அளவுகளை அச்சில் நிலைநிறுத்திய நூல்கள் பெரும் உபகாரம் செய்தன என்றாலும், பருப்பின் விலை ஏறும்போதெல்லாம் வீட்டார் அதன் பங்கைக் குறைத்துக்கொள்வதே நடைமுறை. அப்படிக் குறைப்பதற்கும் ஓர் எல்லையுண்டு. அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைந்த மெத்தியோனின் தானியத்தில் உண்டு. இரண்டும் ஓருணவில் கூடும்போதுதான் ஒன்றன் குறையை மற்றது நிரப்புகிறது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்புக்குக் கீழே இறங்கினால் அது பெயரளவில் அடையாகவே இருக்கும், குணத்தில் தடித்த தோசையாகிவிடும்.

அரிசி மூன்று மணி நேரமும் பருப்பு இரண்டு மணி நேரமும் ஊறினால் போதும். அரைக்கும் பதத்தைப் பற்றி மட்டும் சற்று வற்புறுத்திச் சொல்ல வேண்டும்: அடைமாவு விரலில் தொட்டால் ரவைபோல் நெருட வேண்டும். ஆட்டுரலில் அரைத்த காலத்தில் இப்பதம் இயல்பாகவே அமைந்தது. முழுக்க மசிய அரைக்கக் கை ஓயுமாதலால், கொரகொரப்பாக நிறுத்திவிடுதல் உழைப்புக்கும் சுவைக்கும் ஒருங்கே உகந்ததாயிருந்தது. கோயம்புத்தூரில் 1950களில் தோன்றிய மின்சாரக் கிரைண்டர் பரவிய பின்பும், 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தின் வழியே மிக்ஸியும் கிரைண்டரும் எளிய குடும்பங்களை எட்டிய பின்பும் உரல் வாசலுக்குப் போய்விட்டது. பெண்களின் தோள்களுக்கு அது விடுதலை; அதைக் குறை கூறுவது அநியாயம். மிக்ஸியில் ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்தி அரைத்தால் பழைய பதம் கிடைத்துவிடும்.

புளிப்பைப் பற்றிய விவாதத்துக்கு வருவோம். அடைமாவை இரவெல்லாம் வைத்துப் புளிக்கவிட்டால் மென்மை கூடும் என்பாரும், புளித்தால் பருப்பின் மணம் கெடும் என்பாரும் இருதிறத்தார். திருமலைப் பக்கத்து நயினார் வீடுகளில் நியமத்தை முழுமையாகக் கைக்கொள்வோர், அரைத்த மாவை இரவு கடத்துவதில்லை. புளித்த மாவில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன என்பதும் அவற்றைத் துன்புறுத்தலாகாது என்பதும் அவர்தம் அஹிம்சா தருமத்தின் சூக்ஷ்மமான விரிவு. பகலில் ஊறவைத்து, பிற்பகலில் அரைத்து, கதிரவன் மறையுமுன் வார்த்து உண்டு முடிக்கத்தக்க பண்டம் எது என்று தேடினால், இட்லியும் தோசையும் விலகிப்போக, அடையே முன்வந்து நிற்கிறது. சமயக் காரணத்தை ஏற்காதவரும் பாகக் காரணத்தால் இதே முடிவுக்கு வரலாம். உளுந்து மிகுந்த தோசைமாவு புளித்தால் அதில் உண்டாகும் காற்று மாவுக்குள் தங்கிப் பண்டத்தை மெத்தென்றாக்கும். உளுந்து குறைந்து துவரையும் கடலையும் மிகுந்த அடைமாவில் அக்காற்று அவ்வளவாகத் தங்குவதில்லை, புளிப்பு மட்டுமே மிஞ்சும். கீரை கலந்த மாவாயின் ஓரிரவில் நிறமும் மணமும் கெட்டுவிடும். ஆகையால் அடை அன்றரைத்து அன்றே வார்க்க வேண்டியது என்பதில் எமக்குச் சந்தேகமில்லை.

அடுத்தது காய்கறி, இதில்தான் பெரும்பாலோர் வழுக்குகின்றனர். காயென்பது பெரும்பகுதி நீர். நூறு டிகிரி வெப்பத்தில் நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை அடையின் மேற்புறம் அதற்குமேல் சூடேறாது. அதற்குமேல் சூடேறினாலன்றிப் பொன்னிறமும் முறுகல் மணமும் தோன்றா. புரதத்தின் கூறுகளும் சர்க்கரைப் பொருளும் வெப்பத்தில் கூடி அந்நிறத்தை விளைவிக்கின்றன என்பதை மயார் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி 1912இல் விளக்கினார். நீர் மிகுந்த காயைப் பிழியாமல் மாவில் கலந்துவிட்டு, கல் சரியில்லை, மாவு சரியில்லை என்று மயங்குவதில் பயனில்லை. சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளைப் பூசணி ஆகியவற்றைத் துருவிப் பிழிந்து, அந்தச் சாற்றையே அரிசி அரைக்கும் நீராகக் கொண்டால் சத்தும் வீணாகாது, மாவும் நெகிழாது. உப்பைக் காய்மேல் முன்னதாகத் தூவினால் அது உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். ஆதலால் பிழிய வேண்டிய காய்க்கு உப்பை முதலிலும், பிழியாமல் இடும் கோசுக்கும் கீரைக்கும் உப்பைக் கடைசியிலும் சேர்ப்பதே முறை. கொத்தவரை, அவரை, பீன்ஸ் ஆகியவற்றை ஓர் ஆவி காட்டிப் பொடியாக அரிந்து கலத்தல் நலம். வாழைப்பூவை நரம்பு நீக்கி, அரிசி கழுவிய நீரில் போட்டெடுத்துத் துவர்ப்பைத் தணித்துக்கொள்ள வேண்டும்.

கீரைகளின் கதை வேறு. அவை மாவோடு உடனே இணங்குகின்றன. முருங்கைக்கீரைக்கு இதில் முதலிடம் அளிக்காத தமிழர் இல்லை. காம்பு நீக்கி ஆய்ந்த இலையை அரியாமல் முழுதாகவே இட வேண்டும். அரிந்தால் கசப்பு ஏறுகிறது. நூறு கிராம் முருங்கை இலையில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டென்று ஊட்டச்சத்து அட்டவணைகள் காட்டுகின்றன. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராமை ஒட்டியதே. கண்ணுக்கு வேண்டிய கரோட்டீனும் அக்கீரையில் நிறைந்திருக்கிறது, அச்சத்தோ கொழுப்போடு சேர்ந்தாலன்றி உடலில் நன்கு சேராது. கீரையை வெறும் நீரில் அவித்துண்பதைக் காட்டிலும் எண்ணெய் விட்டு வார்த்த அடையில் உண்பது சிறந்ததென்பதற்கு இதைவிட வேறு பிரமாணம் வேண்டுவதில்லை. முடக்கத்தான் இலையை மூட்டுநோவுக்கும், முள்முருங்கை இலையைச் சளிக்கும் அரிசியோடு சேர்த்தரைத்து அடையாகத் தட்டித் தருவது கிராமத்து வைத்தியம். மருந்தெனக் கொள்ளாவிடினும் அவை சுவையான அடைகளே.

வெங்காயம் இல்லாமல் காய்கறி அடை உண்டா என்று கேட்பவர்க்குத் திருமலை வட்டாரமே விடை. வெங்காயம் சூட்டில் இனிப்பேறி எளிதில் வாயை வசப்படுத்துவதால், மற்றக் காய்களின் சுவை அதன் பின்னே மறைந்துவிடுகிறது. கிழங்கு வகையென்று காரட்டையும் முள்ளங்கியையும் கூட விலக்கும் வீட்டில் எஞ்சுவன கீரையும் கொடிக்காயும் அவரையினமும் வாழைப்பூவும்தாம். அவற்றோடு தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, கொத்தமல்லி, இடித்த மிளகு, பெருங்காயம் ஆகியவை சேர்ந்தால் ஒரு குறையும் தோன்றுவதில்லை. வெங்காயத்தை யாரும் துறக்க வேண்டுமென்பது எம் கருத்தன்று. ஆயினும் கீரையடையில் மட்டுமாவது அதை நீக்கிப் பார்த்தவர்க்கே முருங்கையின் மணம் இன்னதென்று புலப்படும்.

அரைக்கவே தேவையில்லாத கேழ்வரகு அடையை இங்கே மறத்தலாகாது. வடாற்காட்டுச் சீமையில் களிக்கு அடுத்தபடி கேழ்வரகு வழங்கும் பெருவழி இதுவே. மாவில் முருங்கைக்கீரை, பச்சை மிளகாய், உப்பு கலந்து, வெந்நீர் தெளித்துக் கெட்டியாகப் பிசைந்து, வாழையிலையிலோ ஈரத்துணியிலோ வைத்து விரலால் தட்டிக் கல்லில் இடுவர். வெந்நீர் ஊற்றிப் பிசைவதற்கு ஹேது உண்டு: கோதுமையைப்போல் இழுபடும் பசைப்புரதம் கேழ்வரகில் இல்லை, சுடுநீரில் மாவுச்சத்துச் சற்றே வெந்து பிசுபிசுத்தாலன்றி அடை விளிம்பில் வெடித்துவிடும். கேழ்வரகும் நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்துடையதாதலால், அதோடு முருங்கை சேர்ந்த இந்த அடைக்கு நிகரான மாலையுணவு வளரும் பிள்ளைகளுக்கு வேறில்லை. ஏழைகளின் உணவென்று இதனைச் சிலர் தாழ்வாக நினைத்த காலம் ஒன்று இருந்தது. அந்நினைப்பு ஒழிந்து வருவது மிகுந்த சந்தோஷத்தைத் தருகிறது.

கல் வார்ப்பிரும்பாக இருத்தல் வேண்டும். கனத்த இரும்பு சூட்டைப் பிடித்துவைத்துச் சீராக விடுவதால் தடித்த அடை உள்ளும் வேகிறது, புறமும் சிவக்கிறது. ஒட்டாத பூச்சிட்ட மெல்லிய சட்டியில் புறம் சிவக்குமுன் உள் வறண்டுபோகிறது. வெங்காயத்தைப் பாதியாக அரிந்து கல்லைத் துடைக்கும் வழக்கத்துக்கு ஈடாகக் கத்தரிக்காய்க் காம்பை எண்ணெயில் தோய்த்துத் துடைத்தாலும் அடை ஒட்டாது எழும்பும். மாவைக் கல்லின் நடுவில் விட்டு விரல்களாலோ கரண்டியாலோ பரப்பி, நடுவே ஒரு துளையிட்டு, அத்துளையிலும் சுற்றிலும் செக்குக் கடலெண்ணெய் விட வேண்டும். தடித்த நடுப்பகுதிக்குச் சூடு எட்டுவதற்காகவே அந்தத் துளை. நெருப்பு மிதமாயிருத்தல் அவசியம். பருப்பின் பச்சை வாடை அவசரத்தில் போகாது. பட்டுநெசவு செய்யும் குடும்பங்களுக்கு எண்ணெய் விஷயத்தில் தனியான ஜாக்கிரதை வேண்டும். பாவிலோ ஊடையிலோ எண்ணெய்க் கறை பட்டுவிட்டால் சேலையின் விலையே விழுந்துவிடுமாதலால், அடை உண்ட கையைச் சீயக்காயோ சோப்போ இட்டுக் கழுவாமல் தறியில் இறங்கலாகாது. தறியை விட்டு எழுந்தபின் உண்ணும் மாலைப் பலகாரமாக அடை அமைவதே அவர்க்கு உசிதம்.

பிற நாட்டாரும் பிற மாநிலத்தாரும் இவ்வழியே சென்றிருக்கின்றனர். ஆந்திரத்தாரின் பெசரட்டு முழுப்பயற்றை அரைத்துப் புளிக்காமல் வார்ப்பது. கொரியர்களின் பிந்தேத்தொக் என்பதும் ஊறவைத்த பாசிப்பயற்றை அரைத்துக் காய்கறி கலந்து பொரித்தெடுப்பதே. குஜராத்தியர் சுரைக்காய்த் துருவலை அரிசி பருப்பு மாவில் கலந்து ஹாண்ட்வோ செய்கின்றனர். ஜப்பானியரின் ஒகோனோமியாகியில் கோதுமை மாவைக் காட்டிலும் முட்டைகோசே மிகுதி. இவற்றுள் கொரிய நாட்டதும் ஆந்திரத்ததும் எமக்கு மிக நெருங்கியவையாகத் தோன்றினாலும், தானியமும் பருப்பும் கீரையும் எண்ணெயும் ஓரளவில் கூடி, வேறொரு பண்டத்தின் துணையின்றியே ஒருவேளை உணவாகத் தக்கது நம் அடையே என்று பக்ஷபாதமின்றிக் கூறலாம். வெல்லமோ நெய்யோ தொட்டுக்கொண்டால் நிறைவு. வெண்ணெய் உண்போர்க்கு வெண்ணெய். பருப்போடு காய்ச்சாத தயிரைச் சேர்க்கலாகாதென்னும் சமண நியமத்தை உடையோர்க்கு அவியல் ஆகாது. அவர்க்குத் தேங்காய்த் துவையல் உண்டு.

வீட்டில் ஒருமுறையேனும் செய்து பார்க்க விரும்பும் வாசகர்க்கு ஒரு வார்த்தை. அடையின் முழு வேலையும் ஒரு பிற்பகலுக்குள் அடங்கிவிடும். இரண்டு மணிக்கு அரிசியையும் மூன்று மணிக்குப் பருப்பையும் ஊறப் போடுங்கள். அவை ஊறும் நேரத்தில் வீட்டிலுள்ள எல்லாரும், ஆண்களும் பிள்ளைகளும் உட்பட, உட்கார்ந்து கீரையை ஆய்ந்து வையுங்கள். ஐந்து மணிக்கு அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் அரைத்து, கீரையைக் கலந்து உப்பிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கல்லிலிருந்து நேரே தட்டுக்கு எடுத்துச் சூடாக உண்ணுங்கள்.